மோனேயின் சேன்ட்-அட்ரெஸ் தோட்டம்: சந்தோஷமான படமா, இறுக்கமான படமா?

கோட்டோவியன் எழுதியது:

கிளாட் மோனே 1867 கோடையில் வரைந்த ஒரு படத்தைப் பற்றிப் பேசலாம் என்றுதான் இந்த இழை. பெயர் ‘சேன்ட்-அட்ரெஸில் தோட்டம்’. நியூயார்க்கில் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்களுடைய தளத்தில் பெரிதாக்கிப் பார்க்கிற அளவுக்கு நல்ல பிரதி இலவசமாகவே கிடைக்கும். முதலில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு அப்புறம் சண்டை போடுங்கள்.

இதுவரை பார்க்காதவர்களுக்காக: பிரான்ஸின் நார்மண்டி கரையில், லெ ஹாவ்ர் துறைமுகத்தை ஒட்டிய ஊர் சேன்ட்-அட்ரெஸ். கடலைப் பார்த்த மேட்டில் ஒரு வீட்டுத் தோட்டம். வெளிறிய தரை, நடுவில் பாத்தி, ஓரமெல்லாம் சிவப்பும் வெள்ளையும் ஆரஞ்சுமாகப் பூக்கள். நாலு பேர் இருக்கிறார்கள். முன்னால் பனாமா தொப்பி போட்ட பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அருகில் குடை பிடித்தபடி ஒரு பெண். தள்ளி வேலியோரம் இன்னொரு பெண்ணும் உயரத் தொப்பி வைத்த ஓர் ஆளும் நிற்கிறார்கள். ஆளில்லாத நாற்காலிகளும் உண்டு. இரு பக்கமும் இரண்டு கொடிக்கம்பங்கள், கொடிகள் காற்றில் விறைத்துப் பறக்கின்றன. வேலிக்கு அந்தப் பக்கம் கடல், கடல் நிறையப் படகும் கப்பலும். மேலே வானம்.

காலண்டரில் போட ஏற்ற படம்தான், போட்டுமிருக்கிறார்கள். ஆனால் எனக்கு இது சந்தோஷமாகத் தெரியவில்லை. இவ்வளவு வெயில், இவ்வளவு பூ, நடுவில் மனிதர்கள் மட்டும் போட்டோ ஸ்டுடியோவில் ‘அசையாதீங்க’ என்று சொல்லி நிறுத்தி வைத்த மாதிரி இருக்கிறார்கள். கொடி அந்தப் பறப்பு பறக்கிறது, ஒருத்தராவது தொப்பியில் கை வைத்திருக்க வேண்டாமா? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

---

சும்மா_வந்தேன் எழுதியது:

படம் அழகா இருக்கு சார். அது போதாதா?

---

பழைய_பேப்பர் எழுதியது:

போதும்தான், ஆனால் இந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு குடும்பக் கதை இருக்கிறது. அது தெரிந்துவிட்டால் அப்புறம் பழைய கண்ணோடு பார்க்க முடியாது.

அந்தப் பனாமா தொப்பிக்காரர் மோனேயின் அப்பா அடோல்ஃப். நிற்கும் பெண் உறவுக்காரப் பெண் ழான்-மார்கரித் லெகாத்ர். கூட நிற்பவர் அவளுடைய அப்பா டாக்டர் லெகாத்ர், உட்கார்ந்திருக்கும் பெண் அவளுடைய சகோதரி சோஃபியாக இருக்கலாம் என்று அருங்காட்சியகமே சொல்கிறது. ஆக மொத்தம் வீட்டு ஆட்கள்.

இல்லாத ஆள்தான் முக்கியம். மோனேயுடன் பாரிஸில் வாழ்ந்த கமீல் தோன்ஸியூ அப்போது நிறைமாத கர்ப்பிணி. கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் அந்த உறவு பிடிக்கவில்லை. அப்பா அந்த வசந்தத்திலேயே மோனேயின் நண்பர் பசீலுக்குக் கடிதம் எழுதி, பையன் வேண்டுமானால் அத்தை வீட்டில் வந்து தங்கிக்கொள்ளட்டும், அந்தப் பெண்ணை விட்டுவிட வேண்டும் என்கிற தொனியில் சொல்லிவிட்டார். கையில் காசு கிடையாது. பெரிய நம்பிக்கையோடு சலோனுக்கு (பாரிஸின் அதிகாரபூர்வக் கலைக் கண்காட்சி) அனுப்பிய ‘தோட்டத்தில் பெண்கள்’ அந்த வருஷம்தான் நிராகரிக்கப்பட்டது. பசீல்தான் அதை 2,500 ஃபிராங்குக்கு வாங்கி, மாதம் 50 ஃபிராங்காகக் கட்டினார். தவணை முறையில் ஒரு நட்பு!

மோனே கமீலைப் பாரிஸில் விட்டுவிட்டு சேன்ட்-அட்ரெஸ் வந்து அத்தை வீட்டில் சோறு சாப்பிட்டுக்கொண்டு வரைந்த படம் இது. மகன் ழான் 1867 ஆகஸ்ட் 8 அன்று பாரிஸில் பிறந்தான்.

இப்போது அந்தக் காலி நாற்காலிகளைப் பாருங்கள்.

---

வெறுங்கண் எழுதியது:

இதைத்தான் நான் எதிர்பார்த்தேன், இதைத்தான் நான் ஏற்கவும் மாட்டேன்.

பழைய பேப்பர் ஐயா, நீங்கள் சொன்ன தகவலில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கதை படத்தில் எங்கே இருக்கிறது? தோட்டத்தில் நாற்காலி காலியாகக் கிடப்பது உலக வழக்கம். நாலு பேர் இருக்கிற இடத்தில் இருவர் எழுந்து வேலியோரம் போனால் அவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கும். அதை ‘கமீலின் நாற்காலி’ ஆக்குவது நாம். இதே படத்தை, அந்தக் கோடையில் அப்பாவும் மகனும் கட்டிப்பிடித்துச் சமாதானம் ஆனார்கள் என்று உங்களிடம் சொல்லிக் காட்டியிருந்தால், ‘ஆஹா, குடும்பத்தின் இணக்கம் பூக்களில் பொங்குகிறது’ என்று எழுதியிருப்பீர்கள்.

ஓவியத்தில் இருப்பது நிறம், கோடு, இடம். அதிலிருந்து தொடங்கலாம். கிடைமட்டமாக மூன்று பட்டைகள்: தோட்டம், கடல், வானம். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே கனத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. தோட்டம் பின்னோக்கிப் போகிறது, நிழல் விழுகிறது, ஆழம் தெரிகிறது. ஆனால் வேலியைத் தாண்டியதும் கடல் பின்னால் போகாமல் நேராக எழுந்து நிற்கிறது, திரைச்சீலை தொங்கவிட்ட மாதிரி. அந்த மூன்று பட்டைகளையும் தைத்துப் பிடிப்பவை இரண்டு கொடிக்கம்பங்கள்: தோட்டத்தில் கிளம்பி, கடலைக் கடந்து, வானத்தில் முடிகின்றன. கொடியிலிருக்கும் சிவப்பு அப்படியே கீழே பூவில் இறங்குகிறது. கண் மேலும் கீழுமாக ஓடுகிறதே தவிர உள்ளே போவதில்லை.

கோட்டோவியன் சொன்ன ‘அசையாதீங்க’ உணர்வு இங்கிருந்துதான் வருகிறது. மனிதர்களுக்கு நகர இடமே இல்லை. இதற்கு மாமனார் மருமகள் சண்டை எதற்கு?

---

ஊட்டிப்பூ எழுதியது:

நீங்கள் எல்லோரும் ‘பூ, பூ’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். தோட்ட வேலை செய்கிறவள் என்ற முறையில் ஒரு ஆட்சேபம்!

ஈட்டி மாதிரி நிமிர்ந்து நிற்கும் சிவப்பு, கிளாடியோலஸ். பொக்கே கடையில் நீள நீளமாக வாளியில் நிற்குமே, அதுதான். வேலியோரம் ஆரஞ்சு சிவப்பாகப் படர்ந்திருப்பது நாஸ்டர்டியம், வட்ட இலை, எங்கள் நீலகிரியில் ரோட்டோரச் சரிவில் கூடக் கிடக்கும். பாத்திகளில் ஜெரேனியம். அவர் செடியை விஞ்ஞானி மாதிரி வரையவில்லை, ஒரு பொட்டு, ஒரு இழுப்பு, அவ்வளவுதான். ஆனால் எந்தச் செடி என்று தோட்டக்காரருக்குத் தெரிந்துவிடும். செடியின் நிற்கிற விதம் சரியாக இருக்கிறது. கிளாடியோலஸ் நேராக ஏறுகிறது, நாஸ்டர்டியம் சாய்ந்து தவழ்கிறது. நிற்கும் விதத்தைப் பிடித்துவிட்டால் இதழை எண்ண வேண்டாம்.

இன்னொன்று. இந்தத் தோட்டத்தில் சொந்த ஊர்ப் பூ என்று பெரிதாக எதுவும் இல்லை. கிளாடியோலஸின் மூதாதை தென்னாப்பிரிக்கா. அதைக் கலப்பினம் செய்து பெரிய பூவாக்கி 1841 வாக்கில் பெல்ஜியத்து நர்சரிகள் விற்பனைக்கு விட்டன. அப்புறம் பிரான்ஸில் அது பைத்தியமாகவே பரவியது. தோட்டத்து ஜெரேனியமும் தென்னாப்பிரிக்காதான். நாஸ்டர்டியம் பெரு பக்கத்து மலைச்செடி. அதாவது 1867-ல் இது நாகரிகமான, காசு செலவழித்த, புதுமோஸ்தர் தோட்டம். இத்தனையும் கப்பலில் வந்த பூ. இதைக் கடலுக்கு எதிரே வைத்து வரைந்திருக்கிறார்.

அவர் வேண்டுமென்றே அப்படி வைத்தார் என்று சொல்லவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் இயற்கை, அந்தப் பக்கம் வியாபாரம் என்று பிரித்துப் படித்தால் தப்பாகிவிடும் என்கிறேன்.

---

துறைமுகத்தான் எழுதியது:

ஊட்டிப்பூ அம்மா, அருமை. இதைப் படித்ததும் எனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் தூத்துக்குடியில் ஷிப் சாண்ட்லர் தொழிலில் இருக்கிறேன். கப்பலுக்கு அரிசி, காய்கறி, கயிறு, பெயிண்ட் எல்லாம் சப்ளை. மோனேயின் அப்பா செய்ததும் கிட்டத்தட்ட இதே வியாபாரம்தான்: லெ ஹாவ்ரில் மைத்துனர் லெகாத்ருடன் (படத்தில் இருக்கும் டாக்டர் இல்லை) சேர்ந்து மொத்த மளிகை, கப்பல்களுக்குச் சரக்கு. அதனால் அந்தப் பெரியவர் கடலை எப்படிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். ‘அடடா நீலம்’ என்று பார்க்க மாட்டார். எந்தக் கப்பல் நங்கூரம் போட்டிருக்கிறது, எது கிளம்புகிறது, எதில் பாக்கி வரணும் என்று பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி, குடும்பத்தோடு பீச்சுக்குப் போனாலும் சரி, எங்கள் கண் அங்கேதான் போகும். வீட்டில் திட்டு வாங்குவது வேறு கதை.

கடலில் இருப்பவற்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். அருகில் பாய்மரங்கள். அடிவானத்தில் புகை விடும் நீராவிக் கப்பல்கள். 1864-லேயே லெ ஹாவ்ரிலிருந்து நியூயார்க்குக்கு பிரெஞ்சு கம்பெனியின் நீராவிக் கப்பல் ஓட ஆரம்பித்துவிட்டது. பருத்தியும் காப்பியும் இறங்கும் பெரிய துறைமுகம் அது. ஒரே கடலில் பழைய தொழிலும் புதுத் தொழிலும் நிற்கின்றன. பூப்பாத்திக்குச் செலவழித்த காசு அந்தக் கடலிலிருந்து வந்தது. அதனால் அந்த வேலி எனக்கு வேலியாகவே தெரியவில்லை. கல்லாப்பெட்டிக்கு முன்னால் இருக்கும் கவுன்டர் அது.

---

சும்மா_வந்தேன் எழுதியது:

கல்லாப்பெட்டி 😀 யாராவது நெய்தல், இரங்கல் என்று ஆரம்பிப்பார்கள் என்று நினைத்தேன், துறைமுகத்தான் அண்ணன் கணக்கு நோட்டைத் திறந்துவிட்டார்.

---

பழைய_பேப்பர் எழுதியது:

வெறுங்கண் சாருக்கு. நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி, ‘கதை படத்தில் எங்கே இருக்கிறது?’ நாற்காலியை விட்டுவிடுகிறேன். வேறு ஒன்றைக் கேட்கிறேன்: இந்தப் படத்தை வரைந்தவர் எங்கே நிற்கிறார்?

---

கோட்டோவியன் எழுதியது:

இதற்கு நானே பதில் சொல்கிறேன், வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது.

படத்தில் அடிவானக் கோடு எங்கே இருக்கிறதோ அதுதான் பார்ப்பவரின் கண்மட்டம். தரையில் நின்று சம உயரமுள்ள ஆட்களை வரைந்தால், அருகில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் எல்லார் தலையும் அடிவானக் கோட்டை ஒட்டியே வரும். மெரினாவில் நின்று ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள், புரியும். இந்தப் படத்தில் வேலியோரம் நிற்பவர் உயரத் தொப்பி வேறு வைத்திருக்கிறார். இருந்தும் தொப்பியோடு சேர்த்து அவர் அடிவானத்துக்குக் கீழேயே இருக்கிறார். தலைக்குப் பின்னால் தெரிவது கடல், வானம் இல்லை. அப்படியென்றால் ஓவியரின் கண் அவரை விட நல்ல உயரத்தில் இருந்திருக்க வேண்டும். தோட்டத்தில் ஸ்டூல் போட்டு ஏறினாலும் இந்த உயரம் வராது. மாடி ஜன்னல்தான்.

---

பழைய_பேப்பர் எழுதியது:

அதேதான். குடும்பம் கீழே தோட்டத்தில், மகன் மாடியில். அவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்க்கிறார்கள், அவன் அவர்கள் முதுகைப் பார்த்து வரைகிறான். அப்பாவின் முகம்கூடச் சரியாகத் தெரியாது, தொப்பியும் தாடியும்தான். இது நான் பழைய கடிதத்திலிருந்து எடுத்ததில்லை, நீங்கள் கேட்ட மாதிரி கான்வாஸிலிருந்தே எடுத்தது. விலகி நிற்பது இந்தப் படத்தின் கட்டுமானத்திலேயே இருக்கிறது.

---

வெறுங்கண் எழுதியது:

நல்ல வாதம். ஆனால் இரண்டு இடத்தில் ஓட்டை.

ஒன்று, அதே 1867 வசந்தத்தில், அப்பாவோடு ஒரே வீட்டில் இல்லாதபோது, மோனே பாரிஸில் லூவ்ர் மாளிகையின் உப்பரிகையிலிருந்து கீழே பார்த்து மூன்று நகரக் காட்சிகள் வரைந்தார். ‘இளவரசியின் தோட்டம்’ அதில் ஒன்று, இப்போது அமெரிக்காவில் ஓபர்லினில் இருக்கிறது. அதிலும் மேலேயிருந்து பார்வை, கீழே பச்சைப் புல்வெளி, மேலே பெரிய வானம். அப்போது யாரிடமிருந்து விலகி நின்றார்? லூவ்ரிடமிருந்தா? உயரத்திலிருந்து பார்த்தால் உலகம் தட்டையாகத் தெரிகிறது என்று அவர் அந்த வருஷம் கண்டுகொண்டிருக்கிறார், அதைத் திரும்பவும் செய்து பார்க்கிறார்.

இரண்டு, ஜப்பான். மோனே கடிதத்தில் இந்தப் படத்தைக் குறிப்பிடுவது ‘கொடிகள் உள்ள சீனப் படம்’ என்று. அவருடைய ஓவிய நண்பர் ரெனுவார் இதை ‘ஜப்பானியப் படம்’ என்றே சொன்னார். அந்தக் காலத்தில் இவர்கள் கும்பலே ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுப் படங்களைத் தேடித் தேடி வாங்கியது. 1867-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஜப்பான் அதிகாரபூர்வமாகவே பங்கெடுத்தது. ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் ஃபூஜி மலை வரிசையில் ஒரு படம் உண்டு: ஐந்நூறு அர்ஹத்துகள் (பௌத்த ஞானிகள்) கோயிலின் மேல்தள முற்றம், கைப்பிடிச் சுவர், அங்கே நிற்பவர்கள் நமக்கு முதுகு காட்டி தூரத்து மலையைப் பார்க்கிறார்கள். அந்த அச்சு ஜிவெர்னியில் மோனே வீட்டில் இன்றும் இருக்கிறது. மேடை, தடுப்பு, முதுகு, தூரத்து நீர்வெளி: எல்லாம் அதில் இருக்கிறது. ஹொக்குசாய்க்கும் அவர் அப்பாவுக்கும் சண்டையா?

---

ஜெர்சி_குமரன் எழுதியது:

நேரில் பார்த்தவன் என்ற தகுதியில் நடுவில் நுழைகிறேன். நியூயார்க் போகும்போதெல்லாம் இதன்முன் கொஞ்ச நேரம் நிற்பது வழக்கம்.

போனில் பார்க்கும்போது தெரியாத இரண்டு விஷயம். முதலாவது அளவு. கிட்டத்தட்ட 98-க்கு 130 சென்டிமீட்டர். சுவரை அடைக்கிற படமில்லை, ஆனால் ஆள் உட்கார்ந்து பார்க்கிற ஜன்னல் அளவு. அதனால் அந்த மாடி ஜன்னல் யோசனை நேரில் இன்னும் வலுவாகத் தெரியும். நீங்கள்தான் அந்த ஜன்னலில் நிற்கிறீர்கள்.

இரண்டாவது, பெயிண்ட். பூக்கள் வருகிற இடத்தில் நிறத்தைக் கலக்காமல் அப்படியே வைத்து அமுக்கியிருக்கிறார். சிவப்பு சிவப்பாகவே உட்கார்ந்திருக்கிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் அந்தப் பொட்டுகள் புடைத்துத் தெரிகின்றன. தூர நின்றால் பூ, கிட்டே போனால் வெறும் சிவப்புக் களிம்பு. மனிதர்களின் உடை அப்படி இல்லை, ஒப்பிட்டால் மழமழப்பு. கடல் குட்டைக் குட்டையான கோடுகள். ஒரே படத்தில் மூன்று விதமான கை. பத்து வருஷம் கழித்து என்றால் எல்லாவற்றையும் அந்தப் பூ மாதிரியே வரைந்திருப்பார். 1867-ல் பூவுக்கு மட்டும்தான் அந்தச் சுதந்திரம் கொடுத்திருக்கிறார். அப்பாவை அப்படிப் பொட்டுப் பொட்டாக வைக்க மனசு வரவில்லையோ என்னவோ.

காவலாளி ‘பின்னால் போங்க சார்’ என்று சொல்கிற தூரம் வரை போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.

---

ஊட்டிப்பூ எழுதியது:

> 1867-ல் பூவுக்கு மட்டும்தான் அந்தச் சுதந்திரம் கொடுத்திருக்கிறார்.

இந்த வரிக்காகவே இந்த இழையைப் படித்தது வீண் போகவில்லை.

---

பழைய_பேப்பர் எழுதியது:

ஹொக்குசாய் வாதத்தை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அது உங்கள் பக்கம் மட்டும் சாயாது. ஒருவனுக்கு ஆயிரம் அச்சுப் படம் பார்க்கக் கிடைக்கிறது. அதில் பாலம் உண்டு, மழை உண்டு, அலை உண்டு, நடிகர் முகம் உண்டு. அந்தக் கோடையில் அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது முதுகு காட்டி நிற்கும் படம் மனசில் எழுகிறது என்றால் அதற்கும் ஒரு காரணம் இருக்குமல்லவா? கடன் வாங்கிய வடிவம் என்பதாலேயே அது சொந்த உணர்ச்சியைச் சொல்லாது என்று ஆகிவிடாது. ஒப்பாரிப் பாட்டு ஊருக்கெல்லாம் ஒன்றுதான், அழுகிறவள் கண்ணீர் அவளுடையது.

அப்புறம் ஒரு தகவல், இதை வைத்து நான் எதையும் நிரூபிக்கப் போவதில்லை. ஜூன் மாதம் பசீலுக்கு எழுதும்போது மோனே உற்சாகமாக இருக்கிறார், இருபது கான்வாஸ் கைவசம் ஓடுகிறது, கடல், ஆட்கள், தோட்டங்கள் என்று பட்டியல் போடுகிறார். ஜூலை தொடக்கத்தில் எழுதும் கடிதத்தில் கண் தகராறு செய்கிறது, வெளியே வெயிலில் வரைவதை விட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று புலம்புகிறார். இந்தப் படத்தின் வெளிச்சத்தைப் பாருங்கள். வெளிறிய தரை, வெள்ளை உடை, குடை, எல்லாம் கண்ணைக் கூசுகிறது.

---

வெறுங்கண் எழுதியது:

நிரூபிக்கப் போவதில்லை என்று சொல்லிக்கொண்டே நிரூபிக்கிறீர்கள்!

சரி, பாதி வழி வருகிறேன். விலகல் படத்தில் இருக்கிறது, அது மேலிருந்து பார்ப்பதாலும் முதுகுகளாலும் பட்டை பட்டையான அடுக்காலும் வருகிறது. இதை ஏற்கிறேன். அந்த விலகலுக்கு அப்பாவும் கமீலும்தான் காரணம் என்பதை மட்டும் ஏற்கவில்லை. அதே ஆட்களை அதே ஓவியர் வேறு விதமாகவும் வரைந்திருக்கிறார். ரஷ்யாவின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் ழான்-மார்கரித்தின் படம் ஒன்று இருக்கிறது, வெள்ளை உடை, குடை, தோட்டம், பூத்த ரோஜா மரம், சுற்றிலும் சிவப்புப் பூப்பாத்தி. அதுவும் கிட்டத்தட்ட அந்தச் சமயம்தான். அதில் ஓவியர் தரையில்தான் நிற்கிறார், அப்படியும் அந்தப் பெண் நம்மைப் பார்க்காமல் ஓரமாகத் திரும்பி நிற்கிறாள். அவளோடும் மோனேவுக்கு மனஸ்தாபமா? இல்லை. அவருக்கு முகத்தைவிட வெள்ளைத் துணியில் வெயில் விழுவதுதான் முக்கியம், அவ்வளவுதான். முகம் வேண்டியவர்கள் ரெனுவாரிடம் போக வேண்டியதுதான்.

---

துறைமுகத்தான் எழுதியது:

கொடி பற்றி யாரும் பேசவில்லையே. வலப்பக்கம் பிரெஞ்சு மூவர்ணம், அது தெரிகிறது. இடப்பக்கம் சிவப்பும் மஞ்சளுமாக ஒன்று. அதை ஸ்பெயின் கொடி என்று சிலர் சொல்வதைப் படித்திருக்கிறேன், படகுப்போட்டிச் சங்கத்துக் கொடி என்றும் சிலர். எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. அந்தக் கோடையில் மோனே சேன்ட்-அட்ரெஸ் படகுப் போட்டியைத் தனியாகவே வரைந்திருக்கிறார், அதுவும் மெட்ரோபாலிடனில்தான் இருக்கிறது. போட்டி நாளில் கரையோர வீடுகளில் கொடி ஏற்றுவது எந்தத் துறைமுக ஊரிலும் நடக்கிற காரியம். இங்கே மாதா கோயில் திருவிழாவுக்கு ஏற்றுகிறோமே.

அப்படியென்றால் இந்த நாலு பேரும் சும்மா கடலை வெறிக்கவில்லை, போட்டி பார்க்க வந்து உட்கார்ந்திருக்கலாம். கிரிக்கெட் பார்க்கிறவனை பின்னாலிருந்து படம் எடுத்துவிட்டு ‘பாவம், யாரோடும் பேசவில்லை’ என்று சொன்னால் எப்படி?

---

கோட்டோவியன் எழுதியது:

இது நான் யோசிக்காத கோணம். போட்டி என்றால் அந்த விறைப்பு கொஞ்சம் இளகுகிறது. ஆனால் முழுக்க இல்லை. போட்டி பார்க்கிறவர்கள் கழுத்தை நீட்டுவார்கள், கையைக் காட்டுவார்கள். ஹொக்குசாய் படத்திலேயே ஒருவர் மலையைக் கை நீட்டிக் காட்டுவார், குழந்தைகூட உண்டு. அங்கே கோயிலுக்கு வந்த ஜனங்களுக்குள் ஒரு பரபரப்பு இருக்கிறது. மோனே அந்தச் சட்டகத்தை எடுத்துக்கொண்டு பரபரப்பை மட்டும் வடிகட்டிவிட்டார். பெரியவரின் முதுகு நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். அவர் வீட்டுக்குச் சொந்தக்காரர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

பழைய பேப்பர் சொல்வதை முழுசாக ஏற்காவிட்டாலும், ஹொக்குசாயிடமிருந்து எதை எடுத்தார் என்பதைவிட எதை எடுக்கவில்லை என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

---

ஜெர்சி_குமரன் எழுதியது:

ஒரு விஷயம் சேர்க்கிறேன். இதை வரைந்து முடித்தவுடன் மோனே ஊரெல்லாம் காட்டித் திரியவில்லை. பொதுக் கண்காட்சியில் வந்தது 1879-ல், மோனேயும் அவர் கூட்டாளி ஓவியர்களுமான இம்ப்ரெஷனிஸ்டுகளின் நாலாவது கண்காட்சியில், பன்னிரண்டு வருஷம் கழித்து. அந்த வருஷம் செப்டம்பரில்தான் கமீல் இறந்துபோனார். மெட்ரோபாலிடன் இதை வாங்கியது 1967-ல், லண்டன் ஏலத்தில், 14 லட்சம் டாலருக்கு மேல். அந்தக் காலத்தில் அது பெரிய பரபரப்புச் செய்தி. 2,500 ஃபிராங்கை மாதத் தவணையில் பெற்றுக்கொண்ட ஓவியரின் படம்.

---

சும்மா_வந்தேன் எழுதியது:

நான் முதலில் ‘அழகா இருக்கு, போதாதா’ என்று கேட்டேன். இப்பவும் அதைத்தான் கேட்கிறேன், ஆனால் வேறு காரணத்துக்கு. நீங்கள் எல்லோரும் மனிதர்களைச் சுற்றியே வருகிறீர்கள். தலைப்பில் தோட்டம் என்றுதானே இருக்கிறது? ஓவியருக்கே அந்த நாலு பேர் மேல் ஆர்வம் இல்லாமல், பூவை வரைவதற்கு ஒரு சாக்காக அவர்களை உட்கார வைத்திருந்தால்?

---

ஊட்டிப்பூ எழுதியது:

தம்பி, நீங்கள்தான் சரியான இடத்தைத் தொட்டீர்கள்.

மோனே பின்னாளில் 1883-ல் ஜிவெர்னி போய், சொந்தமாகத் தோட்டம் போட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அங்கே வீட்டு வாசலிலிருந்து போகும் நடுப்பாதையில் இரு பக்கமும் நாஸ்டர்டியம் நட்டு, அது பாதை முழுக்கத் தவழ்ந்து மூடுகிற மாதிரி விட்டிருப்பார்கள். இன்றைக்கும் கோடையில் அப்படித்தான். இந்த சேன்ட்-அட்ரெஸ் வேலியில் ஏறியிருக்கும் அதே செடி. மனிதர்கள் போய்விட்டார்கள், நாஸ்டர்டியம் கூடவே வந்திருக்கிறது. கடைசிக் காலத்து அல்லிக்குளப் படங்களில் பெரும்பாலும் ஆளே கிடையாது, அடிவானமும் கிடையாது. அங்கிருந்து திரும்பி இந்தப் படத்தைப் பார்த்தால், எதிலிருந்து எதை எடுத்துவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தார் என்பது தெரிகிறது.

ஆனால் ‘சாக்கு’ என்பதை ஏற்க மாட்டேன். பாத்தியின் அமைப்பைப் பாருங்கள். நடுப்பாத்தியில் செடிகள் கிண்ணென்று, ஓரம் வெட்டினது வெட்டின மாதிரி. தினமும் ஒருத்தர் தண்ணீர் விட்டு, வாடின பூவைக் கிள்ளி, களை எடுத்தால்தான் ஜூலை வெயிலில், உப்புக்காற்றில், தோட்டம் இப்படி நிற்கும். அது பனாமா தொப்பிக்காரர் இல்லை, குடை பிடித்தவர்களும் இல்லை. வீட்டில் நிச்சயம் ஒரு தோட்டக்காரர் இருந்திருப்பார். நீங்கள் இல்லாத ஆளைத் தேடுகிறீர்கள் என்றால் என் ஓட்டு அவருக்கு. வாளியும் மண்வெட்டியுமாக எங்கே ஒதுங்கி நிற்கிறாரோ.

---

துறைமுகத்தான் எழுதியது:

அம்மா 🙏 அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.

---

வெறுங்கண் எழுதியது:

தோட்டக்காரர் வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அது கான்வாஸிலேயே இருக்கிறது. வெட்டிய ஓரம் சாட்சி.

---

பழைய_பேப்பர் எழுதியது:

ஆக, கடிதத்தில் உள்ள கமீலை ஏற்க மாட்டீர்கள், எந்தக் கடிதத்திலும் இல்லாத தோட்டக்காரரை ஏற்பீர்கள். நல்ல நீதி!

---

கோட்டோவியன் எழுதியது:

இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு வாருங்கள். அடுத்து டெட்ராய்ட் அருங்காட்சியகத்தில் உள்ள ‘கிளாடியோலஸ்’ படத்தைப் போட்டுத் தனி இழை தொடங்குகிறேன். 1876 வாக்கில் மோனே பாரிஸை ஒட்டிய அர்ஜென்தேயில் வரைந்தது. அதே சிவப்பு ஈட்டிப் பூக்கள், வட்டப் பாத்தி, குடையோடு ஒரு பெண். இந்தத் தடவை அந்தப் பெண் கமீலேதான், அதனால் இருக்கிறாரா இல்லையா என்று அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஊட்டிப்பூ அம்மா முதலில் பாத்தியைப் பார்த்து எழுதட்டும், மற்றவர்கள் அதன்பிறகு வாருங்கள்.

---

ஊட்டிப்பூ எழுதியது:

எழுதுகிறேன். இங்கே மழை நின்றால் நாளைக்கே.